கோலாலம்பூரில் முதல் மவுண்டன் பைக்: புதுசா, பழசா, எத்தனை வெள்ளிக்கு?

கடையில் கேட்டால் கடைக்காரர் கையிருப்பில் இருப்பதைக் காட்டுவார், வாட்சாப் குழுவில் கேட்டால் அவரவர் ஓட்டுவதைத்தான் நல்லது என்பார்கள். இருவரையும் குறை சொல்ல முடியாது, நீங்கள் எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே பணத்தைப் பற்றி யோசிக்கும் முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: ஞாயிறு காலையில் வண்டியை எங்கே கொண்டுபோய் இறக்கப் போகிறீர்கள்?

கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா ஆட்களுக்குப் பெரும்பாலும் புக்கிட் கியாராதான். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய அந்தக் குன்று முன்பு ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டிய நம் ஆட்கள் 1980களில் தோட்டத்திலிருந்து இறக்கப்பட்டு தாமான் துன்னில் ரூமா பாஞ்சாங் வரிசை வீடுகளில் குடிவைக்கப்பட்ட கதை பெரிய கதை, அதை இந்த இடத்தில் ஆரம்பித்தால் பைக் பக்கமே வர முடியாது. ஓட்டுகிறவர்களுக்கு மிஞ்சியிருப்பது அந்தத் தோட்டத்து மரங்களும் அவற்றின் வேர்களும். தன்னார்வலர்கள் மண்வெட்டி பிடித்து வெட்டிய ஒற்றையடிப் பாதைகள், இரண்டு மரங்களுக்கு இடையே ஹேண்டல் மட்டும் நுழையும் அகலம், பத்து மீட்டருக்கு ஒரு வளைவு, மூச்சு வாங்க வைக்கும் குட்டிக் குட்டி ஏற்றங்கள். நம் ஊர் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் கொட்டும், மறுநாள் காலையில் நிழலுக்குள் இருக்கும் பாதை காய்ந்திருக்காது, வேர்கள் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும்.

செந்தூல், செலாயாங், பத்து கேவ்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குக் கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகக் காடான ஃப்ரிம் கிட்டம். மொட்டை நிலத்தில் 1920களிலிருந்து நட்டு வளர்த்த காடு அது, 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே அகலமான பாதைகளும் உண்டு, நீளமான ஏற்றமும் உண்டு, புதிதாக ஓட்டுகிறவருக்குக் கியாராவைவிட மனசு நிம்மதியாக இருக்கும். பூச்சோங், காஜாங் ஆட்கள் புத்ராஜெயா சேலஞ்ச் பார்க் போகலாம், கிள்ளான்காரர்களுக்கு ஷா ஆலம் இருக்கிறது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், யூடியூப்பில் பைக் விமர்சனம் செய்கிறவர்கள் பெரும்பாலும் கனடாவிலோ ஐரோப்பாவிலோ காய்ந்த மலைச் சரிவில், பாறை மேல், கிலோமீட்டர் கணக்கில் இறங்குகிறார்கள். அதற்கு நீளமான சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்பு, வேண்டும். நமக்கு வேண்டியது ஈரத்தில் பிடிக்கும் டயர், ஒரு விரலில் நிற்கும் பிரேக், செங்குத்து ஏற்றத்துக்கு இலகுவான கியர், அப்புறம் உடம்புக்குச் சரியான அளவு. சஸ்பென்ஷன் இந்த நான்குக்கும் பிறகுதான்.

ஒதுக்க வேண்டியதை முதலில் ஒதுக்கிவிடுவோம். சூப்பர் மார்க்கெட்டிலும் இணையக் கடைகளிலும் 600, 800 வெள்ளிக்கு முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த பைக்குகள் விற்கிறார்கள். என் தங்கச்சி மகன் அப்படி ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு, "மாமா, பின்னாடியும் சஸ்பென்ஷன் இருக்கு பாருங்க, அந்தப் பெரிய கடையில இதே மாதிரிக்கு எட்டாயிரம் சொன்னாங்க" என்றான். சீட்டை அழுத்திவிட்டுக் கையை எடுக்கச் சொன்னேன். துள்ளி மேலே வந்து, இறங்கி, மறுபடி ஏறி, அப்புறம்தான் நின்றது. உள்ளே வெறும் கம்பிச் சுருள், துள்ளலைப் பிடித்து அடக்க எண்ணெய் ஓடும் டாம்பர் கிடையாது. வேர் மேல் ஏறி இறங்கும்போது இந்த மாதிரி வண்டி உங்களைத் தூக்கிப் போடும், ஏற்றத்தில் மிதிக்கும் பலத்தை ஸ்பிரிங் தின்றுவிடும், இரும்பு பிரேம் வேறு, எடை 17, 18 கிலோ வரை போகும். கீழ்க் குழாயில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னேன். காட்டுப் பாதைக்கும் தாவுவதற்கும் ஏற்றதல்ல என்று தயாரித்தவர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள். பையன் சிரித்துவிட்டான். தித்திவங்சா ஏரியைச் சுற்ற, கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வர, தாராளமாக வாங்கலாம். காட்டுக்குள் வேண்டாம்.

மீதி இருப்பவை நான்கு வழிகள். 1,200 முதல் 2,500 வெள்ளிக்குள் புது ஹார்ட்டெயில், 3,500 முதல் 4,500 வரை நல்ல புது ஹார்ட்டெயில், அந்த நல்ல ஹார்ட்டெயிலையே பழசாகப் பாதி விலைக்கு, அல்லது புது நல்ல ஹார்ட்டெயிலின் விலைக்கே பழைய ஃபுல் சஸ்பென்ஷன். ஹார்ட்டெயில் என்றால் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், பின்னால் கெட்டி பிரேம்; ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் இரண்டு பக்கமும். விலையெல்லாம் சுமார்க் கணக்கு, கழிவு விற்பனை வந்தால் மாறும்.

முதல் வகையில் கடைகளில் அதிகம் கண்ணில் படுபவை போலிகன், ஜயண்ட் டேலன், மெரிடா, டெக்கத்லானின் ராக்ரைடர், கொஞ்சம் மேலே ட்ரெக் மார்லின். போலிகன் கிழக்கு ஜாவாவில் தயாராவது, அதே விலையில் மற்றவர்களைவிட உதிரிப் பாகம் ஒரு படி நல்லதாகப் போட்டுக் கொடுக்கும், நம் ஊரில் அதற்கு இவ்வளவு கூட்டம் இருப்பது இதனால்தான். பெயரைப் பார்த்து வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு, ஆனால் இந்த விலையில் எல்லா நிறுவனத்தின் பிரேமும் அலுமினியம், எல்லாமே பரவாயில்லாத பிரேம். வித்தியாசம் அதன் மேல் மாட்டியிருக்கும் சாமான்களில்.

அதில் நான் முதலில் பார்ப்பது பிரேக். கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக்கும் எண்ணெயில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க்கும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். லீவரிலிருந்து கிளம்பும் குழாய் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய், அங்கே ஒரு இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் அது கேபிள். நம் ஊர் சேறும் ஈரமும் அந்தக் கம்பிக்குள் புகுந்து சில மாதத்தில் இழுக்கவே கடினமாகும், இரண்டு விரல், மூன்று விரல் போட்டு இழுத்து இறக்கம் முடியும்போது முன்கை வலிக்கும், கை வலித்தால் ஹேண்டலைப் பிடிக்கும் பலம் போகும், அப்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள். ஹைட்ராலிக் இருந்தால் ஆள்காட்டி விரல் போதும். ஷிமானோவின் எம்டி 200 போன்ற அடிமட்ட ஹைட்ராலிக்கே கியாராவுக்குத் தாராளம். ஒரே ஒரு விஷயம்: மலிவான டிஸ்க்குகளில் ரெசின் பேட் மட்டும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். பேட் என்றால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை. ரெசின் பேட் சத்தம் போடாது, ஆனால் ஈர மணலில் சீக்கிரம் தேயும். மெட்டல் பேட் போட்டால் நீடிக்கும் என்று யாராவது சொன்னதைக் கேட்டு அந்த டிஸ்க்கில் போட்டுவிடாதீர்கள், டிஸ்க் அரிபடும். பேடை அடிக்கடி பார்த்து மாற்றிக்கொண்டால் போதும், பெரிய செலவில்லை.

கியரில் எண்ணிக்கைதான் பலரை ஏமாற்றும். 24 கியர் என்றால் 10 கியரைவிட உயர்ந்தது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு உள்ள வண்டியில் சின்னது முன்னால் 24 பல், பின்னால் பெரியது 32 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை மிதித்தால் சக்கரம் 0.75 சுற்று சுற்றும். முன்னால் ஒரே 32 பல், பின்னால் 42 பல் வரை உள்ள வண்டியில் அதே கணக்கு 0.76. ஏற்றம் ஏறும்போது காலுக்குத் தெரியும் வித்தியாசம் ஏதும் இல்லை. ஆனால் முன்னால் ஒன்றே ஒன்று இருந்தால் இடது கை லீவர் இல்லை, வளைவு முடிந்த கையோடு திடீரென்று ஏற்றம் வரும் கியாராவில் எந்தக் கை எந்தக் கியர் என்று குழம்ப வேண்டாம், செயின் கழன்று விழுவதும் குறையும். ஆகவே ஒரே விலையில் இரண்டும் இருந்தால் முன்னால் ஒன்றே உள்ளதை எடுங்கள். 12 கியர், பின்னால் 51 பல் என்று போனால் கணக்கு 0.6 பக்கம் இறங்கும், அதாவது உட்கார்ந்துகொண்டே சுவர் ஏறலாம் போல இருக்கும், அது அடுத்த விலைக்காரர்களுக்கு.

பின் சக்கரத்தில் இன்னொன்று ஒளிந்திருக்கும். 7 கியர் வண்டிகளில் பல்சக்கரக் கூட்டம் பெரும்பாலும் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் திருகி மாட்டியதாக இருக்கும். இதில் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் ஒரு முனை தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும், கனமான ஆள் வேர் மேல் தொடர்ந்து குதித்தால் அச்சு வளையும், உடையவும் செய்யும். ஹப்பின் மேல் செருகி மாட்டும் கேசட் வகையில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுகிறது, அந்தப் பிரச்சினை போச்சு. "அங்கிள், இது கேசட்டா, திருகா?" என்று கடையில் கேளுங்கள். கேள்வியைக் கேட்டதும் அவர் உங்களை நடத்தும் விதமே கொஞ்சம் மாறும்.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் இந்த விலையில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. சன்டூர் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் மாதிரி கம்பிச் சுருள் ஃபோர்க்தான், கனம், சராசரி எடைக்காரருக்கு என்று ஒரே ஸ்பிரிங். 55 கிலோ ஆளுக்கு அது அசையவே அசையாது, 95 கிலோ ஆளுக்கு முழுசாக உட்கார்ந்துவிடும். காற்று நிரப்பும் ஃபோர்க்கில் பம்ப் வைத்து உங்கள் எடைக்கு ஏற்ற மாதிரி அடித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிரேமின் முன்னால் ஃபோர்க் நுழையும் தலைக் குழாய் கீழே அகலமாக விரிந்திருக்கிறதா, அல்லது மேலேயும் கீழேயும் ஒரே பருமனா? விரிந்திருந்தால் பின்னாளில் நல்ல ஃபோர்க் மாட்டலாம். ஒரே பருமனாக இருந்தால் இன்று கடைகளில் இருக்கும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அதற்குள் போகாது, அந்த வண்டி வாங்கிய நாள் மாதிரியே கடைசிவரை இருக்கும்.

இரண்டாவது வகைக்கு, 3,500 வெள்ளிக்கு மேலே போனால், அந்தப் பணம் எங்கே போகிறது என்று நன்றாகவே தெரியும். காற்று ஃபோர்க், சக்கரத்தைக் குத்தி இறுக்கும் தடித்த அச்சு, டியூப் இல்லாமல் ஓட்டத் தயாரான ரிம், 10 அல்லது 12 கியர், சிலவற்றில் டிராப்பர். இந்த டிராப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹேண்டலில் ஒரு பொத்தானை அழுத்தினால் சீட் கீழே இறங்கும், மறுபடி அழுத்தினால் மேலே வரும். முதலில் எனக்கு இது பணக்கார விளையாட்டுச் சாமானாகத்தான் பட்டது. கியாரா மாதிரி இடத்தில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், ஒவ்வொரு முறையும் இறங்கி நின்று சீட்டை இறக்கி ஏற்ற யாருக்கும் பொறுமை இருக்காது, சீட் உயரமாகவே இருக்கும், இறக்கத்தில் அது வயிற்றில் இடிக்கும், பின்னால் சாய முடியாமல் ஹேண்டலைத் தாண்டிப் பறக்க வேண்டி வரும். புதிதாக ஓட்டுகிறவருக்கு டிராப்பர் தரும் தைரியத்தைப் பின் சஸ்பென்ஷன் தராது என்பது என் அபிப்பிராயம். வண்டியோடு வராவிட்டாலும் பரவாயில்லை, சீட் குழாயின் உள் விட்டம் 30.9 அல்லது 31.6 மில்லிமீட்டரா, கேபிள் நுழைய பிரேமில் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள். 27.2 என்றால் தேர்வு குறைவு.

தலைக் குழாயின் சாய்வும் இந்த இரண்டு வகைகளுக்கும் நடுவே மாறும். மலிவான வண்டிகளில் 68, 69 டிகிரி, புதிய வடிவமைப்புகளில் 66, 65 வரை. எண் குறையக் குறைய முன் சக்கரம் உங்களுக்கு முன்னே தள்ளி நிற்கும், செங்குத்தான இறக்கத்தில் பயம் குறையும், நெருக்கமான வளைவில் கொஞ்சம் சோம்பேறியாகத் திரும்பும். கியாராவின் மரங்களுக்கு நடுவே 67 சுற்றுவட்டாரம் எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்படியானால் முதலில் மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்பதுதான். காற்று ஃபோர்க் ஒன்றே ஆயிரம் வெள்ளியைத் தொடும், சக்கரம் மாற்றினால் இன்னொரு ஆயிரம், 12 கியருக்கு மாற ஷிமானோவின் 10 பல்லில் தொடங்கும் கேசட் வாங்கினால் அதற்கு ஹப்பில் வேறு மாதிரித் தாங்கி வேண்டும், பழைய ஹப்பில் ஏறாது. முடிவில் நாலாயிரம் செலவழித்து இரண்டாயிரம் வெள்ளி பிரேமில் உட்கார்ந்திருப்பீர்கள். டயரும் பெடலும் ஹேண்டல் பிடியும் மாற்றலாம், அதற்கு மேல் மாற்றும் ஆசை வந்தால் வண்டியையே விற்றுவிட்டு அடுத்ததை வாங்குவது லாபம்.

இனி பழசு. மூடா, கேரோசல் விற்பனைத் தளங்களிலும் ஃபேஸ்புக் குழுக்களிலும் எப்போதும் ஏதாவது இருக்கும். ஊரடங்குக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கி, அப்புறம் பால்கனியில் துணி காயப்போட உதவிய வண்டிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நாலாயிரத்துக்கு வாங்கியதை இரண்டாயிரத்துக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டி நன்றாக இருக்கும் பட்சத்தில், புதிதாக இரண்டாயிரத்துக்கு வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் பார்த்து வாங்கத் தெரிந்த ஒரு ஆள் கூட வர வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் புதிதே வாங்குங்கள், கடையின் உத்தரவாதமும் முதல் சில மாத இலவச டியூனிங்கும் அந்த விலை வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

பார்க்கப் போகும்போது மத்தியான வெளிச்சத்தில் போங்கள், அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்து டியூப் லைட்டில் விரிசல் தெரியாது. வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சு இருக்கும் பெட்டியைச் சுற்றி, தலைக் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் இடத்தில், சீட் குழாயின் வாய்ப் பகுதியில் வெல்டிங் ஓரமாக நகத்தால் தடவிப் பாருங்கள். பெயின்டில் முடி மாதிரி ஒரு கோடு, அதன் ஓரத்தில் கருப்பு அழுக்கு இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஃபோர்க்கின் பளபளக்கும் கால்களில் கீறல் நகத்தில் தட்டுப்பட்டால் எண்ணெய் கசியும் என்று அர்த்தம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், டொக் டொக் என்றால் தலைக் குழாய் பேரிங் அல்லது ஃபோர்க்குக்குள் இருக்கும் புஷ் தளர்ந்திருக்கிறது. செயின் தேய்மானம் அளக்கும் கருவி இருபது வெள்ளி சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 12 கியர் செயினில் கருவியின் 0.5 என்று குறித்த முனை உள்ளே இறங்கினால் செயின் மாற்ற வேண்டும், 0.75உம் இறங்கிவிட்டால் கேசட்டும் சேர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம், அந்தக் காசை விலையில் குறைத்துக் கேளுங்கள். பெடல் பெட்டிக்கு அடியில் வரிசை எண் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் வேண்டாம்.

26 அங்குலச் சக்கரம் போட்ட பழைய வண்டிகள் ரொம்ப மலிவாக வரும். அந்தக் காலத்து உயர்ரக வண்டி ஆயிரம் வெள்ளிக்குக் கிடைப்பதைப் பார்த்து மனசு தடுமாறும். டயர், டியூப், ஃபோர்க் எல்லாம் தேடி அலைய வேண்டிவரும். விட்டுவிடுங்கள்.

பழைய ஃபுல் சஸ்பென்ஷன் பற்றித்தான் அதிகச் சண்டை. நாலாயிரம் வெள்ளிக்கு ஏழெட்டு வருடம் ஓடிய வண்டி, அந்தக் காலத்தில் அது பன்னிரண்டாயிரம் விற்றது, ஓட்டிப் பார்த்தால் சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, எப்படி விடுவது? ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க் கால்களைத் திறந்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது, 200 மணி நேரத்தில் முழு சர்வீஸ். பின் ஷாக்கிற்கும் இதுபோலவே தனி அட்டவணை. அதோடு பின் பகுதி மடங்கும் மூட்டுகளில் பேரிங் வரிசையாக இருக்கும், நம் ஊர் ஈரத்தில் அவை துருப்பிடிக்கும், மொத்தமாகப் பிடுங்கி மாற்ற ஆள் தேட வேண்டும். விற்பவர் இதையெல்லாம் செய்தாரா என்று கேட்டால் "சர்வீஸ் பண்ணியாச்சு ப்ரோ" என்பார். ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் சர்வீஸ் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், நாலாயிரம் சுலபமாக ஐயாயிரம் ஆகும், ஐயாயிரத்தை ஒட்டிப் புதிய ஃபுல் சஸ்பென்ஷனே பார்க்க ஆரம்பிக்கலாம்.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும், ஓட்டக் கற்றுக்கொள்வதற்கும் ஹார்ட்டெயில்தான் நல்ல வாத்தியார். வேரில் தப்பான இடத்தில் ஏறினால் பின்பக்கம் உடனே உதைத்துச் சொல்லிவிடும், அதனால் எழுந்து நிற்க, முழங்காலை மடக்க, வழி பார்த்துப் போகத் தானாகப் பழகிவிடுவோம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. நாற்பத்தைந்தைத் தாண்டி, இடுப்பிலோ கழுத்திலோ ஏற்கெனவே வலி உள்ள அண்ணன்மார்கள் நான் சொல்வதைக் கேட்க வேண்டாம், பணம் இருந்தால் புதிய ஃபுல் சஸ்பென்ஷனே வாங்குங்கள், உடம்பு முக்கியம்.

மின்சார பைக் வேறு உலகம், விலையும் வேறு உலகம். மண் ரோட்டுக்கென வரும் கிராவல் பைக்கில் ஃப்ரிம்மின் அகலப் பாதையைச் சமாளிக்கலாம், கியாராவில் பல் ஆடும். கார்பன் பிரேம் முதல் வண்டிக்குத் தேவையே இல்லை, பழசாக வாங்கவே வாங்காதீர்கள், உள்ளே உடைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

சக்கர அளவுக்கு வருவோம். 29 அங்குலச் சக்கரத்தின் ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர், ரோட்டு சைக்கிளின் 700சி ரிம்மும் அதே அளவுதான். 27.5க்கு 584. பெரிய சக்கரம் வேர்க் குழிகளில் சிக்காமல் உருண்டு போகும், சின்னது வளைவில் சட்டென்று திரும்பும். உயரம் 170 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் யோசிக்காமல் 29. 160க்குக் கீழே உள்ளவர்கள், முக்கியமாக நம் பெண்கள், 27.5 ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ட்ரெக் மார்லின் போன்ற சில மாடல்களில் சின்ன பிரேமுக்கு அவர்களே 27.5 போட்டுத்தான் தருகிறார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு எதுவானாலும் சரி.

இந்தச் சக்கரச் சண்டையைவிட பிரேம் அளவு பல மடங்கு முக்கியம். கையிருப்பில் எல் அளவு மட்டும் இருந்தால் சில கடைக்காரர்கள் "சீட்டை இறக்கிக்கலாம் தம்பி, பழகிடும்" என்பார்கள். சீட்டை இறக்கலாம், ஹேண்டலுக்கு உள்ள தூரத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது? வண்டியின் மேல் குழாய்க்கு இரு பக்கமும் காலூன்றி நின்றால் தொடை இடுக்குக்கும் குழாய்க்கும் நடுவே குறைந்தது நான்கு விரல் இடைவெளி வேண்டும். பெடலில் எழுந்து நின்று, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, ஹேண்டலை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், தோள் இழுபட்டால் வண்டி நீளம். இரண்டு அளவுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் கியாராவுக்குச் சின்னதை எடுங்கள்.

கடைக்குள் சுற்றி வந்து இதையெல்லாம் உணர முடியாது என்பது உண்மைதான். நண்பர் யாரிடமாவது ஒரு காலைக்கு வாங்கி ஓட்டுங்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் ஷா ஆலம் தாவரவியல் பூங்காவில் வாடகை சைக்கிள் எடுத்து ஏற்றம் இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம், நல்ல வண்டியாக இருக்காது, ஆனாலும் இந்தப் பழக்கம் நமக்கு ஒத்துவருமா, வேர்வையில் குளித்துவிட்டு மறுபடி வரத் தோன்றுகிறதா என்பது தெரிந்துவிடும்.

கையில் இருப்பதை முழுவதும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். 400 வெள்ளியாவது ஒதுக்கி வையுங்கள்: இஎன் 1078 முத்திரை உள்ள தலைக்கவசம், விரல் மூடிய கையுறை, பம்ப், உபரி டியூப், மடக்குச் சாவிகள். மிச்சம் இருந்தால் முன் டயர். வண்டியோடு வரும் டயர் ரப்பர் கெட்டியானது, தேயாது, பிடிக்கவும் பிடிக்காது. முன்னால் மட்டும் 2.35 அல்லது 2.4 அங்குல அகலத்தில் மென்மையான ரப்பர் டயர் ஒன்று போட்டால் ஈர வேரில் வண்டியின் குணமே மாறும், பழைய முன் டயரைப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். காற்றும் ரோட்டு சைக்கிள் மாதிரி கல்லாக அடிக்க வேண்டாம். டியூப் உள்ள 2.3 அகல டயரில் 70 கிலோ ஆளுக்கு 28 முதல் 32 பிஎஸ்ஐ போதும், அதற்கும் கீழே போனால் வேரில் மோதும்போது ரிம் டியூபைக் கடித்து இரண்டு ஓட்டை போட்டுவிடும்.

கடைசியாக, வண்டியை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்றும் பாருங்கள். கூரை மேல் கம்பியெல்லாம் வேண்டாம், மைவி காரின் பின் சீட்டை மடக்கி, முன் சக்கரத்தைக் கழற்றினால் 29 அங்குல ஹார்ட்டெயில் ஒன்று செயின் பக்கம் மேலே பார்க்கிற மாதிரி படுக்கும், பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். சக்கரம் வெளியே இருக்கும்போது யாராவது, பெரும்பாலும் கூட வரும் பிள்ளை, பிரேக் லீவரைச் சும்மா அழுத்திப் பார்க்கும். நடுவில் டிஸ்க் இல்லாததால் இரண்டு பேடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கியாரா போய் இறங்கினால் சக்கரம் உள்ளே நுழையாது, பத்து பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பேட்களுக்கு நடுவே வைக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது, புது வண்டிகள் பெட்டியில் வரும்போது அதோடுதான் வருகின்றன, கடைக்காரர்கள் பிரித்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வண்டி வாங்கும் அன்றே கேட்டு வாங்கி டாஷ்போர்டில் போட்டு வையுங்கள், அதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள்.